ஓர் அங்குல மீனும் பத்து நிமிட நெருப்பும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். ‘வீட்டில் மீன் துண்டு சுடுவது’ என்று தலைப்புக் கொடுத்தேன். தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ஐயா, ‘உணவும் பண்பாடும்’ என்று போட்டுக்கொள்ளட்டுமா?” என்று மரியாதையாகக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பண்பாட்டைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். வஞ்சிரத் துண்டைக் கல்லிலிருந்து எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். நம் வீடுகளில் மீன் கெட்டுப்போவது பெரும்பாலும் அளவுக்கு மேல் வெந்துபோவதால். நல்ல மீனை நல்ல விலை கொடுத்து வாங்குகிறோம். ஐந்து தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். பார்த்துப் பார்த்து மசாலா தடவுகிறோம். கடைசியில், ‘உள்ளே வெந்திருக்குமோ, வெந்திருக்காதோ’ என்ற பயத்தில் இன்னும் ஐந்து நிமிடம் கல்லிலேயே போட்டுவைக்கிறோம். தட்டுக்கு வரும்போது அது சக்கையாகிவிடுகிறது. குழம்பில் இந்தக் குற்றம் மறைந்துவிடும், புளிக்கரைசல் காப்பாற்றிவிடும். வறுவலில் எண்ணெயும் மிளகாயும் மறைத்துவிடும். சுட்ட மீனில் மட்டும் மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் நம் வீடுகளில் மீனைச் சுடுவதற்கே பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கினால் என் வேலை முடிந்தது.

மீனைச் சுடுவது நமக்குப் புதிதல்ல. சங்க நூலான பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்ற அரசனைப் பார்க்கப் போகும் பாணர்களுக்கு, எயிற்பட்டினத்துக் கரையில் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுக் கொடுப்பார்கள் என்று வழி சொல்லப்படுகிறது. கருவாட்டைத் தணலில் வாட்டிப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறோமே, அதற்கு அவ்வளவு பழைய சான்று இருக்கிறது. கரையோர ஊர்களில் இன்றும் வலையை இழுத்து முடித்த கையோடு, தென்னை மட்டையைக் கொளுத்திச் சாளையைச் சுட்டுத் தின்பவர்கள் உண்டு. கரையை விட்டு உள்நாட்டுக்குள் வரவரத்தான் சுடுவது குறைந்து, குழம்பும் வறுவலும் மட்டுமே மீன் என்று ஆகிவிட்டது.

வெளிநாடுகளிலும் மீனைச் சுடுவது பழகிய வழக்கம்தான். ஜூன் மாதத்தில் புனித அந்தோணியார் திருவிழாவுக்கு லிஸ்பன் நகரத் தெருக்களில் போய் நின்றால், வீட்டு வாசலுக்கு வாசல் கரியடுப்பில் சாளை சுடும் புகை. பாக்தாதில் டைக்ரிஸ் ஆற்றங்கரையில் கெண்டை மீனைப் பிளந்து, நெருப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சுடுகிறார்கள். ஜப்பானில் உப்பைத் தூவிச் சற்று நேரம் வைத்திருந்து சுடுவது அன்றாடச் சமையல். இந்த மூன்று இடங்களிலும் பெரும்பங்கு உப்புக்கும் நெருப்புக்கும்தான். மீன் நன்றாக இருந்துவிட்டால் மற்றவை எல்லாம் துணைக்கு வருபவை என்பதை எல்லாக் கரைகளும் தெரிந்துவைத்திருக்கின்றன.

இனி வேலைக்கு வருவோம். முழு மீனைச் சுடுவது ஒரு தனிக் கலை, அதை இன்று தொடவில்லை. நடுமுள்ளோடு சேர்த்துக் குறுக்கே வெட்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்கு ஏற்ற மீன்களில் முதலிடம் வஞ்சிரத்துக்கு. தெற்கே நெய்மீன் என்பார்கள், ஈழத்தில் அறுக்குளா. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன். செதில் உரிக்கும் வேலை கிடையாது. நடுமுள் ஒன்றைத் தள்ளிவிட்டால் சதைக்குள் குத்தும் சில்லு முள் தொல்லை மிகக் குறைவு. முள் குத்துமோ என்ற பயமில்லாமல் குழந்தைக்கும் கொடுக்கலாம்.

வஞ்சிரம் கட்டுப்படியாகாத நாள்களும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் இனம்பெருக விடும் காலம் அது. அப்போது நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீனும் வெளிமாநில மீனும்தான் சந்தைக்கு வரும். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களே அதிகம். அந்த நாள்களில் பாறை, கொடுவா, கடல் விரால், சூரை என்று பார்க்கலாம். எல்லாமே துண்டு போட்டுச் சுட ஏற்றவை. சூரையில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அது மிக விரைவாக வறண்டுவிடும். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே அதற்குக் கொடுக்க வேண்டும்.

மீனைத் தேர்ந்தெடுப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கண் குழி விழாமல் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் சதை எழும்ப வேண்டும். இவை முழு மீனுக்கான சோதனைகள். வெட்டிவைத்த துண்டில் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. ஆகவே முடிந்தவரை முழு மீனைப் பார்த்து, உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெட்டிய துண்டுதான் கிடைக்கும் என்றால், சதை பளபளப்பாக, நடுமுள்ளோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள். முள்ளிலிருந்து சதை விலகியிருந்தால் அது வெட்டி நேரமான மீன். மீன் கெடாமலிருக்கக் கலக்கப்படும் பார்மலின் என்ற ரசாயனத்தைப் பற்றிய பயமும் மக்களிடம் இருக்கிறது. 2018-இல் கேரளச் சோதனைச் சாவடிகளில் பார்மலின் கலந்த மீன் பிடிபட்டபோது, கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய தாள் சோதனைதான் கைகொடுத்தது. சாதாரணமாக நாம் செய்யக்கூடியது, தெரிந்த இடத்தில், தெரிந்தவரிடம் வாங்குவது.

அடுத்தது கனம். இங்கேதான் முதல் போராட்டம். சென்னையில் காசிமேட்டு மீன் சந்தையிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ போய் நின்று கேட்டுப் பாருங்கள்.

“அக்கா, ஒரு இஞ்சு கனத்துக்குத் துண்டு போடுங்க.”

“அவ்ளோ தடியா வேணாம் சார், உள்ள வேவாது.”

“சுடறதுக்குக்கா.”

“சுட்டாலும் வேவாது. நான் மெல்லிசா போட்டுக் குடுக்குறேன், எடுத்துட்டுப் போய் வறு.”

அந்த அக்கா சொல்வது அவர் அனுபவம். மெல்லிசுத் துண்டு வறுவலுக்குச் சரி. சுடுவதற்கு அது எதிரி. காரணத்தைச் சொல்கிறேன். மீனின் மேற்புறம் பொன்னிறமாக வேண்டுமானால், கல்லின் சூட்டில் அது நாலு நிமிடமாவது கிடக்க வேண்டும். அரை அங்குலத்துக்கும் குறைவான துண்டாக இருந்தால், அந்த நாலு நிமிடத்துக்குள் சூடு மறுபக்கம் வரைக்கும் போய்விடும். திருப்பிப் போடும்போதே மீன் வெந்து முடிந்திருக்கும். அதற்குப் பிறகு நாம் செய்வதெல்லாம் அதைக் காயவைப்பதுதான். ஓர் அங்குலத் துண்டில் மேலே சிவக்கும் நேரமும் உள்ளே வேகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக முடியும். ஆகவே அக்காவிடம் பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு போதும். வஞ்சிரத்தில் அது ஏறக்குறைய 200 கிராம் வரும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். நடுவில் முள்ளின் வட்டம். அதைச் சுற்றி வெள்ளைச் சதை, வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடுகளோடு இருக்கும். இரண்டு பக்கமும் தோலை ஒட்டினாற்போல் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை. கீழே வயிற்றுப் பக்கமாக இரண்டு மெல்லிய மடிப்புகள் தொங்கும். இந்தப் படத்துக்குள்ளேயே சமையல் குறிப்பு முழுவதும் இருக்கிறது.

அந்த வளைந்த கோடுகள், சதை அடுக்குகளைப் பிரிக்கும் சவ்வுகள். ஆட்டுக்குத் தன் எடையைத் தானே காலில் தாங்கி நிற்கும் வேலை இருக்கிறது. அதனால் அதன் சதையில் இணைப்புத் திசு அதிகம், கடினமும் அதிகம். அது கரைய மணிக்கணக்கில் வேக வேண்டும். மீனைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அதன் தசைநார்கள் குட்டையானவை, சவ்வுகள் மிக மெல்லியவை. 50 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் அந்தச் சவ்வு இளகத் தொடங்கிவிடும், சதை அடுக்கடுக்காகப் பிரியத் தொடங்கும். 60 டிகிரியைத் தாண்டிப் போகப் போக தசைநார் சுருங்கி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், துண்டின் ஓரத்தில் வெள்ளையாகத் திரிதிரியாகக் கசியுமே, அது அந்தச் சாற்றோடு வந்து உறைந்த புரதம். அது நிறைய வந்தால், நெருப்பு நம்மை முந்திவிட்டது என்று பொருள். ஆட்டுக்கறிக்குப் பழகிய கை மீனுக்கும் அதே பொறுமையைக் காட்டுகிறது. மீனிடம் பொறுமை வேலைக்கு ஆகாது.

கருஞ்சிவப்புப் பட்டை, மீன் ஓயாமல் நீந்துவதற்குப் பயன்படுத்தும் தசை. கொழுப்பும் வாசமும் அதில் அதிகம். சிலருக்கு அதுதான் ருசி, சிலர் ஒதுக்கிவிடுவார்கள். பழைய மீனில் முதலில் காறல் தட்டுவதும் அந்தப் பட்டைதான். வயிற்று மடிப்புகள் மெல்லியவை, முதலில் கருகிவிடும். அவற்றை உள்பக்கமாக மடித்து ஒரு பல்குச்சியால் குத்திவைத்தால் துண்டு முழுவதும் ஒரே கனத்துக்கு வந்துவிடும்.

கழுவுவது பற்றி நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அலசுவது, புளித்தண்ணீரிலோ மோரிலோ ஒரு தரம் முக்கி எடுப்பது எல்லாமே பொருளுள்ள வேலை. கடல்மீன், உப்புநீரில் உடம்பின் நீர்ச்சமநிலையைக் காப்பதற்காக ட்ரைமெத்தைலமைன் ஆக்சைடு என்ற பொருளைத் தசையில் சேர்த்துவைத்திருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை ட்ரைமெத்தைலமைனாக மாற்றுகிறது. மூக்கைப் பிடிக்கவைக்கும் கவிச்சி அதுதான். புளிப்புப் பட்டால் அது ஆவியாகிக் காற்றில் பரவாமல் அடங்கிவிடும். புளியும் எலுமிச்சையும் மீனுக்கு உற்ற துணையானது அதனால்தான். ஆனால் ஒன்று, கவிச்சி கடுமையாக அடித்தால் கழுவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது பழைய மீன்.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி மூன்றும் ஒரே குடும்பம். இவற்றைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் விட்டால், பாக்டீரியா சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். அதைத் தின்றால் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வரும். ‘எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாகக்கூட இருக்கலாம். கெட்ட செய்தி என்னவென்றால், ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது, சுட்டாலும் போகாது. மீன் வாங்கியதும் நேரே வீட்டுக்கு வாருங்கள். வழியில் வேறு வேலை இருந்தால் கடையிலேயே பையில் பனிக்கட்டி போட்டு வாங்குங்கள். வீட்டில் குளிர்பெட்டிக்குள் அதிகம் குளிரும் இடத்தில் வையுங்கள். உறைந்த மீன் என்றால் முந்தின இரவே உறைபெட்டியிலிருந்து கீழே இறக்கி, குளிர்பெட்டிக்குள்ளேயே உருகவிடுங்கள்.

கழுவிய துண்டை ஒரு பருத்தித் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு துண்டுக்கு அரைத் தேக்கரண்டி அளவு உப்பை இரண்டு பக்கமும் தூவி, 20 நிமிடம் வையுங்கள். உப்பு உள்ளிருக்கும் நீரைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அந்த நீரோடு கொஞ்சம் கவிச்சியும் வெளியேறும், மேற்சதை இறுகும். அந்த நீரை மறுபடி ஒற்றி எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டாவது ஒற்றலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். மேலே ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் ஆவியாவதிலேயே சூடு செலவாகிவிடும். பொன்னிறமும் அந்தச் சுட்ட வாசமும் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். ஈரத் துண்டைக் கல்லில் போட்டால் அது சுடுவதில்லை, அவிகிறது. அடியில் ஒட்டிக்கொள்வதற்கும் பெரும்பாலும் ஈரம்தான் காரணம்.

மசாலா வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் இந்த அரங்கத்தை விட்டு வெளியே விட மாட்டீர்கள். ஆனால் மிளகாய்த்தூளும் அரைத்த பூண்டும் கடும் சூட்டில் மீன் வேகும் முன்பே கருகிக் கசந்துவிடும். வறுவலுக்குப் பூசுவதுபோல் கெட்டியாகப் பூசினால் உள்ளே மீன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒரு சிட்டிகை மஞ்சள், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, மேலே கொஞ்சம் கடலை எண்ணெய், இதுவே போதும். காரம் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் செய்துவையுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை மூன்றையும் பொடியாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசறிவைத்துக்கொண்டு, சுட்ட மீனின் மேல் அள்ளிப் போட்டால் மீனின் ருசியும் தெரியும், காரமும் தெரியும். எலுமிச்சையை முன்கூட்டியே மீனில் பிழிந்து ஒரு மணி நேரம் ஊறவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். புளிப்பு, நெருப்பில்லாமலே சதையை வெளுக்கவைத்து இறுக்கிவிடும். அப்புறம் நெருப்பில் போட்டால் இரண்டு முறை வெந்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது நெருப்பு. நம் வீட்டில் இருக்கும் நல்ல கருவி இரும்புத் தோசைக்கல். பல வீடுகளில் மீனுக்கென்று தனிக் கல் இருக்கும், மறுநாள் காலைத் தோசையில் மீன் வாடை வரக் கூடாது என்று. அது நல்ல ஏற்பாடு. கல்லை நன்றாகக் காயவையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓட வேண்டும். எண்ணெயைக் கல்லில் ஊற்றுவதைவிட மீனில் தடவுவது நல்லது. புகை குறையும். நான்ஸ்டிக் கல் வைத்திருப்பவர்கள் அந்த அளவுக்குக் காயவைக்கக் கூடாது. அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். மின் அடுப்பில் கிரில் வசதி இருந்தால், மேல்கம்பி சிவந்த பிறகு, அதிலிருந்து நான்கு விரற்கடை கீழே மீனை வைத்தால் அதுவும் நன்றாகவே சுடும்.

மொட்டைமாடியோ முற்றமோ இருப்பவர்களுக்குக் கரியடுப்பைப் போல் வேறில்லை. நம் ஊரில் கரிக்குப் பஞ்சமும் இல்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எரித்த கரி மூட்டை மூட்டையாக வருகிறது. கரியைப் பற்றவைத்து, தீ நாக்கெல்லாம் அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் மீனை வைக்க வேண்டும். உள்ளங்கையைக் கம்பிக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் சூடு சரி. கம்பியைத் தேய்த்துச் சுத்தமாக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே மீனை வையுங்கள். இரண்டு வலைக் கம்பிகளுக்கு நடுவே மீனை வைத்துப் பூட்டும் கைப்பிடிச் சல்லடை கிடைக்கிறது. திருப்பும்போது உடையுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல துணை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கரியடுப்பை மூடிய அறைக்குள்ளோ, கண்ணாடி அடைத்த பால்கனியிலோ ஏற்றவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

இனி அந்தப் பத்து நிமிடம். கனடா நாட்டு மீன்வளத் துறை பரப்பிய ஒரு கணக்கு உண்டு. மீனின் மிகக் கனமான இடத்தை அளந்து, ஓர் அங்குலத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது. அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜேம்ஸ் பியர்டு இதை ஊரெல்லாம் எடுத்துச் சொன்னார். இன்றைய சமையல்காரர்கள் பலர் அதையே அதிகம் என்கிறார்கள், எட்டு நிமிடம் போதும் என்பார்கள். பத்தை மேல்வரம்பாக வைத்துக்கொண்டு, எட்டிலிருந்து சோதிக்கத் தொடங்குங்கள்.

துண்டைக் கல்லில் வைத்ததும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நகர்த்தாதீர்கள், அழுத்தாதீர்கள், தூக்கிப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கண்ணாடிபோல் இருக்கும் பச்சைச் சதையில், அடியிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு மெல்ல மேலே ஏறும். அது துண்டின் பாதிக் கனத்தை எட்ட நாலு, ஐந்து நிமிடம் ஆகும். அப்போது தோசைத் திருப்பியை அடியில் கொடுத்துப் பாருங்கள். அடி சரியாகச் சிவந்திருந்தால் மீன் தானாகக் கல்லை விட்டுவிடும். விடவில்லையென்றால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். சுரண்டாதீர்கள். திருப்புவது ஒரே ஒரு முறை. மறுபக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் போதும்.

வெந்துவிட்டதா என்பதை நடுமுள்ளிடம் கேளுங்கள். ஒரு சுத்தமான ஈர்க்குச்சியை முள்ளுக்குப் பக்கத்தில் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கி, சதை முள்ளைவிட்டு இலேசாக விலகினால் ஆயிற்று. சதை ரப்பர்போல் எதிர்த்தால் இன்னும் ஒரு நிமிடம். முள்ளை ஒட்டி ஒரு மயிரிழை அளவுக்குக் கண்ணாடி நிறம் இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் சூட்சுமம். தட்டில் இரண்டு நிமிடம் வையுங்கள். வெளிச்சூடு உள்ளே போய் மிச்சத்தை முடித்துவிடும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு எண்ணும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு அறிவுரை 63 டிகிரி. கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் தின்னும் துண்டு அந்த அளவை எட்டியே தீர வேண்டும்.

தொட்டுக்கொள்ளவோ பிசைந்துகொள்ளவோ என்ன என்று கேட்பீர்கள். சூடான சோறு, மிளகு ரசம், பக்கத்தில் ஒரு மீன் துண்டு. அவ்வளவுதான் இரவுச் சாப்பாடு. யாழ்ப்பாணத்து வழியில் இடியாப்பமும் சொதியும் வைத்துக்கொண்டாலும் பொருத்தமாக இருக்கும். கோடையில் மாங்காய்ப் பச்சடி வைத்துக்கொள்ளலாம். மீன் உப்பு ஊறும் 20 நிமிடத்தில் ரசம் கொதித்து இறங்கிவிடும். அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு வீடு வந்தவர்கள் எட்டு மணிக்குள் கையைக் கழுவிவிடலாம். ஒரு கல், ஒரு தட்டு, ஒரு துணி, இவ்வளவுதான் தேய்க்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆறு மணிக்கு ஆண்கள் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார, பகல் இரண்டு மணி வரை பெண்கள் அடுப்படியில் நிற்கும் ஏற்பாட்டுக்கு இது நல்ல மாற்று. மீனை வாங்கி வந்தவரே சுட்டும் கொடுக்கலாம். அதற்குத் தனித்திறமை ஒன்றும் வேண்டாம் என்பதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முடிக்கும் முன் இன்னொன்று. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்வதால் பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று சொல்லும் மீன்களில், நம் வஞ்சிரத்தின் இனத்தைச் சேர்ந்த அட்லாண்டிக் மீனான கிங் மேக்கரலும் இருக்கிறது. வஞ்சிரத்தை என்றாவது ஒரு நாள் ஆசைக்குத் தின்னுங்கள். வாரா வாரம் என்றால், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில், சாளை, நெத்திலி, சங்கரா என்று சின்ன மீன்களுக்குப் போங்கள். விலையும் குறைவு.

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த வாரம் ஒரு நாள் மீன் கடையில் ஓர் அங்குலக் கனம் கேட்டு வாங்குங்கள். ஈரத்தை ஒற்றி எடுங்கள், கல்லைக் காயவையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ‘இன்னும் ஒரு நிமிடம் இருக்கட்டுமே’ என்று மனம் சொல்லும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். வேகாத மீனை மறுபடியும் கல்லில் போட்டுக்கொள்ளலாம். அதிகமாக வெந்த மீனைத் திருத்த உலகத்தில் எந்தச் சமையல்காரராலும் முடியாது.